டீச்சரைக் கேளுங்கள்: ஃபார்மும் ஷீட்டும் வகுப்பறையில்

சென்ற இதழில், வீட்டுப்பாடம் கொண்டுவராதவர்கள் பட்டியலைக் கூகுள் ஃபார்ம் மூலம் எடுப்பது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் "எப்படி?" என்கிறார்கள், மீதிப் பேர் "எதற்கு?" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் கலந்தே பதில் சொல்கிறேன். 'ஃபார்ம்' என்றால் இணையத்தில் நிரப்பும் கேள்விப் படிவம். அதற்கு வரும் பதில்கள் கூகுள் ஷீட் என்னும் அட்டவணைக் கோப்பில் வரிசை வரிசையாக விழும். கீழே 'ஷீட்' என்று வந்தால் அந்த முழுக் கோப்பு. அதன் அடியில் தாவல் தாவலாகத் தெரிகிறதே, அவை ஒவ்வொன்றையும் 'தாள்' என்று எழுதியிருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க இது போதும்.

வணக்கம் டீச்சர். வருகைப்பதிவு, தாமதம், வீட்டுப்பாடம், நூலகப் புத்தகம், லேப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபார்மில் கொண்டுவர நினைத்தேன். கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன. எங்கே ஆரம்பிப்பது?
(ஆறாம் வகுப்பு ஆசிரியை)

முதலில் அந்த ஃபார்மை மூடிவிட்டு ஒரு காகிதம் எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேராக, தகவலை யார் தருகிறார், எப்போது தருகிறார் என்று எழுதுங்கள். ஃபார்ம் வேண்டுமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வருகைப்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் தருகிறவர் ஒருவர், அதாவது நீங்கள். நேரமும் ஒன்றுதான், முதல் மணி. பிள்ளைகள் எல்லோரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஃபார்மைத் திறந்து "வந்திருக்கிறேன்" என்று அழுத்துவதில் என்ன பிரயோஜனம்? ஒரு ஷீட்டில் பெயர்களை எழுதி, பக்கத்தில் டிக் பெட்டிகளை வைத்து, வராதவர்களுக்கு மட்டும் நீங்களே டிக் அடித்தால் வேலை முடிந்தது. அதற்கு ஃபார்மே வேண்டாம்.

வீட்டுப்பாடம் கொண்டுவராதது அப்படி இல்லை. ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு நேரம், பல பாடம், பல ஆசிரியர். பலரிடமிருந்து பல நேரத்தில் ஒரே மாதிரியான தகவல் வரவேண்டும் என்னும்போது ஃபார்ம் கைகொடுக்கும். லேப் பொருளை எடுப்பதும் திருப்புவதும் இந்த வகைதான். நூலகப் புத்தகத்துக்கு ஒரு மாணவர் பொறுப்பாக இருந்தால் ஷீட் போதும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் ஃபார்ம்.

அப்புறம் கேள்விகளைக் குறைக்க ஒரு வழி. "இதற்கு வருகிற பதிலை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?" என்று ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டுப் பாருங்கள். "தாமதத்துக்குக் காரணம் என்ன?" என்று நீங்கள் அனுப்பிய ஃபார்மில் இருக்கிறது. காரணத்தை அந்தப் பிள்ளையிடம் எப்படியும் நேரில் கேட்கத்தானே போகிறீர்கள்? பிறகு அதை எதற்கு எழுத வைக்கிறீர்கள்? எடுத்துவிடுங்கள்.

ஒரு வேலையை மட்டும் ஃபார்முக்கு மாற்றுங்கள். எந்த வேலை தினமும் உங்களை எரிச்சல்படுத்துகிறதோ அதை. அது பழகிய பிறகு அடுத்தது.

என் ஷீட்டில் ஒரே மாணவி நான்கு பேராக இருக்கிறாள். ஒரு நாள் இனிஷியல் முன்னால், ஒரு நாள் பின்னால், ஒரு நாள் ஆங்கிலத்தில், ஒரு நாள் செல்லப்பெயர். எண்ணிக்கை எப்படி வரும்?
(எட்டாம் வகுப்பு, அறிவியல்)

வராது. பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் இதுதான் நடக்கும், பிள்ளைகளைக் குறை சொல்லவே முடியாது. நாமே நம் பெயரை ஒரே மாதிரியா எழுதுகிறோம்?

பெயர்க் கேள்வியை டிராப்டவுன் ஆக்குங்கள், அதாவது அழுத்தினால் விரியும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. ஒவ்வொரு பெயராக அடிக்க வேண்டியதில்லை. ஷீட்டில் இருக்கும் பெயர் வரிசையை அப்படியே நகல் எடுத்து, டிராப்டவுனின் முதல் கட்டத்தில் ஒட்டினால், வரிக்கு ஒரு பெயராகத் தானே பிரிந்துகொள்ளும். ஒட்டும்போது பெயருக்கு முன்னால் வருகை எண்ணையும் சேர்த்துவிடுங்கள், "07 – " என்று இரண்டு இலக்கமாக. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிற வகுப்புக்கு இது உயிர்காக்கும். ஏழுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்றால், அது இல்லாமல் அகர வரிசைப்படுத்தினால் 10, 11 எல்லாம் 2-க்கு முன்னால் போய் உட்காரும்.

பல பிரிவுகளுக்கு ஒரே ஃபார்ம் என்றால் முதல் கேள்வி "எந்தப் பிரிவு?". அந்தக் கேள்வியின் மூன்று புள்ளி மெனுவில், விடைக்கு ஏற்ற பகுதிக்குப் போகும் வசதி இருக்கிறது. 'அ' பிரிவு என்றவருக்கு 'அ' பிரிவுப் பெயர்கள் மட்டும் வரும். நீளமான பட்டியலில் சின்ன விரல்கள் தடுமாறிப் பக்கத்துப் பெயரை அழுத்துவது இதனால் குறையும். ஆனால் ஒன்று, இப்படிச் செய்தால் ஷீட்டில் ஒவ்வொரு பிரிவின் பெயரும் தனித்தனி நெடுவரிசையில் விழும். எண்ணும்போது அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை மட்டும் தட்டச்சு செய்ய வைப்பேன் என்றால் அதற்கும் கட்டுப்பாடு போடலாம். ஒன்றிலிருந்து உங்கள் வகுப்பின் கடைசி எண் வரை மட்டும் ஏற்கச் சொல்லி, தவறினால் என்ன செய்தி காட்ட வேண்டும் என்பதையும் நீங்களே எழுதலாம். "செல்லாத உள்ளீடு" என்று மிரட்டுவதைவிட "உன் வருகை எண்ணை மட்டும் எழுது" என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பெயர்களுக்கு என்ன செய்வது? கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள்தான் அதில் பாதித் தொல்லை. பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தால் ஷீட்டின் கணக்கில் அது வேறு பெயர். 'டிரிம்' சூத்திரம் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை வெட்டிவிடும். மற்றதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு மதிய நேரம் போகும், போகட்டும்.

பதில்கள் வந்து விழும் தாளிலேயே பக்கத்தில் ஒரு சூத்திரம் எழுதி, கீழே வரை இழுத்து வைத்தேன். புதிய பதில் வரும்போதெல்லாம் அந்த வரிசையில் சூத்திரம் இல்லை. ஷீட் கெட்டுப்போய்விட்டதா?
(கணக்கு ஆசிரியர், பத்தாம் வகுப்பு)

இல்லை சார், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஃபார்மிலிருந்து ஒரு பதில் வந்தால், அது நீங்கள் தயாராக வைத்திருக்கும் காலி வரிசையில் போய் உட்காருவதில்லை. கடைசிப் பதிலுக்குக் கீழே தனக்கென்று ஒரு புது வரிசையைப் புகுத்திக்கொள்கிறது. நீங்கள் இழுத்து வைத்த சூத்திரங்கள் எல்லாம் ஒரு படி கீழே தள்ளப்படுகின்றன. அதனால்தான் உங்கள் சூத்திரம் எப்போதும் ஒரு வரிசை தள்ளியே நிற்கிறது.

தீர்வு எளிது. பதில் விழும் தாளைத் தொடாதீர்கள். அங்கே வண்ணம் பூசுவது, வரிசை மாற்றுவது, நடுவில் நெடுவரிசை சேர்ப்பது எதுவும் வேண்டாம். அது பெறுகிற தாள், அவ்வளவுதான். கணக்கெல்லாம் இரண்டாவது தாளில். அங்கே ஒரு நெடுவரிசையில் வகுப்பின் பெயர்ப் பட்டியல், பக்கத்தில் 'கவுண்ட்இஃப்'. அந்தப் பெயர், பதில் தாளின் பெயர் நெடுவரிசையில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும். எண்ண வேண்டிய இடத்தை "இரண்டாம் வரிசையிலிருந்து ஐம்பதாம் வரிசை வரை" என்று குறுக்காமல் முழு நெடுவரிசையையும் கொடுங்கள். வருஷம் முழுக்க எத்தனை பதில் வந்தாலும் கவலையில்லை.

இல்லை, பதிலுக்குப் பக்கத்திலேயேதான் கணக்கு வேண்டும் என்றால் 'அரேஃபார்முலா' இருக்கிறது. மேலே ஒரே ஒரு செல்லில் (கட்டத்தில்) எழுதினால் நெடுவரிசை முழுக்க அது பரவும், புது வரிசை வந்தாலும் விடாது. நான் அதைவிட இரண்டாவது தாளையே விரும்புகிறேன். நான் லீவில் இருக்கும் நாளில் இன்னொருவர் திறந்து பார்த்தாலும் புரிய வேண்டுமே.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் 'விலுக்கப்' (VLOOKUP, ஓர் எண்ணைப் பட்டியலில் தேடி அதற்கு நேரான தகவலை எடுத்துவரும் சூத்திரம்) சில எண்களுக்கு மட்டும் பிழை காட்டுகிறது என்றும் இருந்தது. ஒரு தாளில் 12 என்பது எண்ணாகவும், இன்னொன்றில் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும். நமக்கு இரண்டும் 12தான், அதற்கு இரண்டும் வேறு. தானாக விட்டால் எண்கள் செல்லின் வலது ஓரமும் எழுத்துகள் இடது ஓரமும் ஒட்டி நிற்கும். பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொடுத்தவர்கள் பட்டியல் தானாக வருகிறது. கொடுக்காதவர்கள் பட்டியல்தானே எனக்கு வேண்டும்?
(பெயர் போடவில்லை)

மேலே சொன்ன இரண்டாவது தாளிலேயே அது இருக்கிறது. 'கவுண்ட்இஃப்' பூஜ்யம் காட்டும் பெயர்கள்தான் கொடுக்காதவர்கள். அவற்றை மட்டும் தனியே எடுக்க 'ஃபில்டர்' சூத்திரம், அல்லது பூஜ்யம் வந்த செல்லுக்கு ஒரு நிறம். அதை வகுப்பில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டாதீர்கள். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பு நடக்கும்போது கழிப்பறைக்குப் போகிறவர்களைக் கதவருகே ஒரு டேப்லட்டில் ஃபார்ம் நிரப்பிவிட்டுப் போகச் சொல்கிறேன். போன நேரம், வந்த நேரம், காரணம் மூன்றும் கேட்கிறேன். இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளியை நிமிடத்தில் கொண்டுவர முடியவில்லை.
(ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்)

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை.

ஷீட்டுக்கு ஒரு நாள் என்பது 1. ஆறு மணி நேரம் என்றால் 0.25. தேதிகளையும் அது நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது, 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாகக் கொண்டு. அதனால் வந்த நேரத்திலிருந்து போன நேரத்தைக் கழித்தால் கிடைப்பது ஒரு நாளின் மிகச் சிறிய பின்னம். அதை 1440-ஆல் பெருக்குங்கள், 24 பெருக்கல் 60. நிமிடம் கிடைக்கும். நேரத்தைப் பிள்ளைகளைத் தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டாம், ஃபார்மை அனுப்பிய நொடியை ஷீட் தானே குறித்துக்கொள்கிறது. அந்த நேரம் ஏறுமாறாக இருந்தால் ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலத்தைப் பாருங்கள், வேறு எதாவது இருக்கும்.

இப்போது சண்டை. காரணத்தைக் கேட்காதீர்கள். கழிப்பறைக்குப் போக ஒரு பதினான்கு வயதுப் பெண் காரணம் எழுத வேண்டுமா? அதுவும், அந்த ஷீட்டைத் திறக்கும் ஒவ்வொருவரும் படிக்கும்படி? அந்த வயதில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர எழுத மாட்டார்கள். உங்கள் நோக்கம் ஒரே நேரத்தில் பல பேர் வெளியே போகக் கூடாது என்பதுதானே? கதவருகே ஆணியில் ஓர் அட்டை தொங்கட்டும். அட்டை இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வரும்வரை காத்திருக்கலாம், அவசரம் என்றால் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். இதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

பள்ளி நிர்வாகம் பதிவு கட்டாயம் என்கிறதா? சரி, பெயரும் நேரமும் மட்டும். திரும்பி வந்ததும் அதே ஃபார்மில் "வந்துவிட்டேன்" என்று அழுத்தப் பாதிப் பேர் மறப்பார்கள், அந்தக் கணக்கை வைத்து யாரையும் விசாரிக்காதீர்கள். ஒருவர் அடிக்கடி போகிறார் என்று தெரிந்தால் தனியாகக் கூப்பிட்டு, உடம்புக்கு என்ன என்று கேளுங்கள்.

எங்கள் மாணவர்கள் பலரிடம் போன் இல்லை, வகுப்பில் இணையமும் வந்து வந்து போகும். ஃபார்ம் எங்களுக்கு உதவுமா?
(பல வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்)

மாணவர்கள்தான் நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னது? நீங்கள் மட்டும் நிரப்பும் ஃபார்ம்தான் பல நேரம் மிகப் பயனுள்ளது. வகுப்பு வகுப்பாக ஓடும்போது போனில் ஷீட்டைத் திறந்து, பெரிதாக்கி, சரியான செல்லைத் தேடுவது பெரும்பாடு. பெயர், பாடம், என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் உள்ள ஃபார்மின் இணைப்பை முகப்புத் திரையில் வைத்துக்கொண்டால் நடந்துகொண்டே குறித்துவிடலாம். எப்போதும் ஒரே விடை வரும் கேள்விகளை முன்கூட்டியே நிரப்பிய இணைப்பாகவும் எடுக்கலாம், மூன்று புள்ளி மெனுவில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் இணைப்பு, பத்துக்கு ஓர் இணைப்பு என்று வைத்துக்கொண்டால் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை மிச்சம்.

இணையம் இல்லாதபோது கூகுள் ஃபார்மை அனுப்ப முடியாது. கூகுள் ஷீட்டையோ, முன்பே ஏற்பாடு செய்து வைத்திருந்தால், இணையம் இல்லாமலும் திறந்து எழுதலாம். மறுபடி தொடர்பு வந்ததும் சேர்ந்துகொள்ளும். அதுவும் நம்ப முடியாத இடம் என்றால் அச்சடித்த தாளில் குறித்துவிட்டு வாரக் கடைசியில் ஏற்றுங்கள். காகிதத்தைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. என் மேஜையில் இன்றும் ஒரு நோட்டு இருக்கிறது, பிள்ளைகள் தனியாக வந்து சொல்லும் விஷயங்களுக்கு. அவை எந்த ஷீட்டிலும் ஏறாது.

ஒரு பெற்றோர் தன் மகனின் நிலையைப் பார்க்க ஷீட்டின் இணைப்பைக் கேட்டார். மற்ற மாணவர்களின் தாள்களை மறைத்துவிட்டு, பார்வையிடும் அனுமதி மட்டும் கொடுத்தேன். போதும்தானே?
(ஏழாம் வகுப்பு வகுப்பாசிரியை)

போதாது. இன்றைக்கே அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். மறைத்த தாள் பூட்டிய தாள் அல்ல. பார்வையிடும் அனுமதி உள்ளவர் ஷீட்டை நகல் எடுத்தால், அந்த நகல் அவருடையது. அதில் மறைத்ததையெல்லாம் அவர் விரித்துப் பார்க்கலாம். தாளைப் 'பாதுகாக்கும்' வசதியும் மாற்றுவதைத்தான் தடுக்கும், பார்ப்பதை அல்ல.

பெற்றோருக்கு அவர் பிள்ளையின் வரிசையை மட்டும் ஒரு செய்தியாக அனுப்புங்கள். அடிக்கடி கேட்கிறார் என்றால் அந்த மாணவருக்கென்று ஒரு தனி ஷீட். 'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரம் மூலம் பெரிய ஷீட்டிலிருந்து அந்த ஒரு வரிசையைத் தருவிக்கலாம். ஆனால் அந்தத் தனி ஷீட்டில் திருத்தும் அனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ஷீட்டுக்கும் ஒருமுறை இணைப்பு அனுமதித்துவிட்டால், அங்கே திருத்த முடிகிறவர் சூத்திரத்தை மாற்றிப் பெரிய ஷீட்டின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ளலாம்.

ஃபார்மின் பக்கத்திலும் ஒரு கதவு இருக்கிறது. முடிவுகளின் தொகுப்பைப் பதிலளித்தவர்களுக்குக் காட்டும் அமைப்பு தவறுதலாக இயங்கிக்கொண்டிருந்தால், ஒருவர் அனுப்பியதும் மற்றவர்கள் எழுதியதெல்லாம் அவர் கண்ணில் படும். பார்த்து அணைத்து வையுங்கள்.

எக்ஸெல் நல்லதா, கூகுள் ஷீட் நல்லதா?
(இருவர் கேட்டிருக்கிறார்கள்)

உங்கள் பள்ளியில் எது இருக்கிறதோ அது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் எக்ஸெலோடு இதே வேலையைச் செய்யும். இணையமே வேண்டாம், காசும் வேண்டாம் என்றால் லிப்ரேஆபீஸ் கால்க். சூத்திரங்களின் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஒரு செய்தி. இந்த ஷீட் என்ற யோசனையே ஒரு வகுப்பறையில்தான் உதித்தது. டான் பிரிக்லின் 1978-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மாணவர். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை அட்டவணையாகப் போடுகிறார். ஓர் எண்ணை மாற்ற வேண்டி வந்தால், அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கிறது. அவை தாமே மாறிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பின் யோசித்தவர், பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து உருவாக்கியதுதான் விசிகால்க். ஆப்பிள் 2 கணினிக்காக 1979-இல் வந்தது. எக்ஸெலுக்கும் கூகுள் ஷீட்டுக்கும் அதுதான் பாட்டி.

கல்வியாண்டு முடிகிறது. பழைய பதில்களை ஷீட்டிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் ஃபார்மின் பதில் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. ஏன்?
(தொடக்கப் பள்ளி ஆசிரியை)

ஏனென்றால் இரண்டும் தனித்தனி. ஃபார்ம் தன் பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஷீட்டில் அழித்தால் அது போகாது, ஃபார்மில் அழித்தால் ஷீட்டில் இருப்பது போகாது. பிள்ளைகளின் விவரத்தை நிஜமாகவே அழிக்க வேண்டும் என்றால் இரண்டு இடத்திலும் அழியுங்கள்.

புது ஆண்டுக்குப் பழைய ஃபார்மையே ஓட்டாமல் ஒரு நகல் எடுங்கள். கேள்விகள் வரும், பதில்கள் வராது. அதைப் புது ஷீட்டோடு இணைத்து, டிராப்டவுனில் புதுப் பெயர்களை ஒட்டுங்கள். பழையதில் 'பதில்களை ஏற்பது' என்பதை அணைத்து, "இந்த ஃபார்ம் முடிந்தது, புது இணைப்பை டீச்சரிடம் கேள்" என்று எழுதிவிடுங்கள். யாராவது ஒருவர் பழைய இணைப்பில்தான் வந்து நிற்பார்.

மாணவர்களையே ஃபார்ம் தயாரிக்க விடலாமா?
(அதே ஆசிரியையின் இரண்டாவது கேள்வி)

தாராளமாக. யார் எந்த வாரம் கரும்பலகை துடைப்பது, எந்தக் குழு எந்த மேஜை என்பதற்கெல்லாம் அவர்களே கேள்வி எழுதட்டும். நம்மைவிடச் சுருக்கமாக எழுதுவார்கள். ஒரு ஜாக்கிரதை மட்டும். ஃபார்மைத் திருத்தும் அனுமதி உள்ளவர்கள் வருகிற பதில்களையும் பார்க்கலாம். அதனால் அவர்கள் தயாரித்து முடித்ததும் நீங்கள் உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து, அதை அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் வேறு ஒரு மாணவரை விட்டு நிரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தக் கேள்வியில் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ அந்தக் கேள்வியை மாற்றி எழுத வேண்டும்.